கம்பியில்லா டிசிசி: புதிய ரயில் தளத்தைச் சோதிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அண்மையில் எச்ஓ (1:87) அளவில் மாதிரி ரயில் தளம் அமைத்த மூன்று நண்பர்களின் வீடுகளில், முதல் ஓட்டத்தின்போது உடன் இருந்தேன். மூவருமே தண்டவாளத்தைப் பதித்த கையோடு செல்பேசியை எடுத்து, வைஃபை வழியாக டிசிசி முறையில் (தண்டவாளத்தின் வழியே டிஜிட்டல் கட்டளை அனுப்பி எஞ்சினை இயக்கும் முறை) எஞ்சினை ஓட்டத் தொடங்கினார்கள். பல ஆண்டுகளுக்கு முன் நானும் அப்படித்தான் தொடங்கினேன். தண்டவாளத்தைத் துடைப்பது போன்றவை தாமாகவே பழகிவிடும் என்பதால் அவற்றை இங்கே எழுதவில்லை.

வைஃபையின் மீது பழி போடுவது

கம்பியில்லாத பகுதி செல்பேசிக்கும், கட்டளைகளை உருவாக்கித் தண்டவாளத்துக்கு அனுப்பும் கமாண்ட் ஸ்டேஷனுக்கும் இடையில் மட்டுமே உள்ளது. அங்கிருந்து எஞ்சினுக்குள் இருக்கும் டிகோடர் (கட்டளையைப் படித்து மோட்டாரை இயக்கும் சிறு மின்சுற்று) வரை மின்சாரமும் கட்டளையும் தண்டவாளத்தின் வழியாகவே செல்கின்றன. எஞ்சின் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நின்றால் ரவுட்டரை விட்டுவிட்டு அந்த இடத்து இணைப்பைப் பாருங்கள்.

நாணயச் சோதனையைச் செய்யாமல் விடுவது

இதை நினைத்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வருகிறது. என் முதல் தளத்தில் ஏறத்தாழ 8 மீட்டர் தூரத்துக்கு மெல்லிய டெலிபோன் கம்பியை இழுத்து, மீதியைத் தண்டவாள இணைப்புத் தகடுகளிடம் விட்டிருந்தேன். எஞ்சின் ஓடியது, செல்பேசிக்குப் பணிந்தது, எல்லாம் சரி என்று நம்பினேன். ஒரு மாலையில் கடைசி பாயின்ட்டில் (தடம் இரண்டாகப் பிரியும் இடத்தில்) எஞ்சின் தடம்புரண்டு, அதன் சக்கரம் இரு தண்டவாளங்களையும் இணைத்துவிட்டது. தண்டவாளத்துக்கு மின்சாரம் தரும் 5 ஆம்பியர் பூஸ்டர், குறுக்குச்சுற்று ஏற்பட்டும் மின்சாரத்தைத் துண்டிக்கவில்லை. பிளாஸ்டிக் கருகும் வாசனை வந்தபோதுதான் திரும்பிப் பார்த்தேன். போகியின் (எஞ்சினின் சக்கரங்களைத் தாங்கும் அடிப்பகுதியின்) பக்கச்சட்டம் உருகித் தண்டவாளத்தோடு ஒட்டியிருந்தது, ஒலி டிகோடரும் போய்விட்டது.

காரணம் எளிய கணக்கு. 14 வோல்ட்டில் 5 ஆம்பியர் பாய வேண்டுமானால், சுற்றின் மொத்த மின்தடை 2.8 ஓமுக்கு மேல் போகக் கூடாது. என் கம்பியும் தளர்ந்த தகடுகளும் சேர்ந்து அந்த எல்லையைத் தாண்டியிருந்ததால், பூஸ்டர் அந்தக் குறுக்குச்சுற்றைச் சாதாரணச் சுமையாகவே எடுத்துக்கொண்டது. மின்தடை 3.5 ஓம் என்று வைத்துக்கொண்டால்கூட 4 ஆம்பியர், அதாவது 56 வாட் வெப்பம், கம்பியிலும் சக்கரம் தொடும் புள்ளியிலுமாக நிற்காமல் வெளிப்படும். நாம் பற்றவைக்கப் பயன்படுத்தும் சிறிய சால்டரிங் அயர்ன் 25 வாட்தான்.

ஆகவே எஞ்சினை வைக்கும் முன், ஒவ்வொரு தண்டவாளத் துண்டிலும், பாயின்ட்டின் இரு கிளைகளிலும், ஒரு 5 ரூபாய் நாணயத்தைக் குறுக்கே வையுங்கள், 16.5 மில்லிமீட்டர் இடைவெளியை அது தாராளமாக எட்டும். அந்தக் கணமே பூஸ்டர் துண்டிக்க வேண்டும். துண்டிக்காவிட்டால் நாணயத்தை உடனே எடுத்துவிட்டு அந்தப் பகுதிக்குத் தனி இணைப்புக் கம்பி கொடுங்கள். நான் இப்போது பலகைக்கு அடியில் வீட்டு வயரிங்குக்கான 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியை ஓட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் அதிலிருந்து கிளை எடுத்துப் பற்றவைக்கிறேன்.

செல்பேசியின் மொபைல் டேட்டா

அணைத்துவிடுங்கள். இணையம் இல்லாத வைஃபையை விட்டுச் செல்பேசி தானாக விலகிவிடக்கூடும்.

தொடர்பு அறுந்தால் ரயில் நிற்கும் என்று நம்புவது

கமாண்ட் ஸ்டேஷன் கடைசியாகப் பெற்ற வேகக் கட்டளையைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டே இருக்கும். தொடர்பு அறுந்ததும் ரயிலை நிறுத்தும் வசதி எல்லா அமைப்புகளிலும் இல்லை, சிலவற்றில் அதை நாம் அமைத்துவைக்க வேண்டியிருக்கும். எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, செல்பேசியை விமானப் பயன்முறைக்கு மாற்றி என்ன நடக்கிறது என்று பாருங்கள். அந்தச் சோதனை முடியும் வரை மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சின் மீது ஒரு கை இருக்கட்டும்.