பம்பாங்கா போகிறவர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள்

போன டிசம்பரில், நான் இருக்கும் பிலிப்பைன்ஸின் பம்பாங்கா பகுதிக்குச் சிங்கப்பூரிலிருந்து ஒரு நண்பர் குடும்பம் வந்தது. 23-ஆம் தேதி இரவு கிளார்க் விமான நிலையத்தில் இறங்கி, காரில் ஏறியதும் கேட்ட முதல் கேள்வி: "நாளைக்கு அந்தப் பெரிய விளக்குத் திருவிழா எத்தனை மணிக்கு?" எனக்குச் சங்கடமாகிவிட்டது. திருவிழா முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. ஏஞ்சலஸ் நகருக்கு நான் குடிவந்த முதல் வருடம் இதே தவறைச் செய்திருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். விசா, குடை, பணம் மாற்றுவது பற்றியெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை.

திருவிழாவைக் கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் தேடுவது

சான் ஃபெர்னாண்டோ பம்பாங்கா மாகாணத்தின் தலைநகர். அங்கே நடப்பது 'லிக்லிகன் பருல்'. கபம்பாங்கன் மொழியில் இதற்கு விளக்குப் போட்டி என்று பொருள். டிசம்பர் நடுவில் ஏதோ ஒரு சனிக்கிழமை இரவில் நடக்கும், தேதி வருடா வருடம் மாறும். 24-ஆம் தேதி இரவு இந்த ஊர்க்காரர்களுக்கு நள்ளிரவுப் பூசையும் வீட்டுச் சாப்பாடும்தான். கிறிஸ்துமஸ் விளக்கு என்றதும் நாமாகவே 24 என்று முடிவு செய்து டிக்கெட் போட்டுவிடுகிறோம். நகராட்சி தேதியை அறிவிக்கும் வரை பொறுத்திருந்தால் போதும். அதைச் செய்யாமல் நான்கு பேருக்கு விமான டிக்கெட், விடுதி என்று செலவழித்துவிட்டு வருகிறார்கள். இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது.

சரி, தேதியைச் சரியாகப் பிடித்தவர்களாவது முழுதாகப் பார்க்கிறார்களா? இல்லை. எல்லோரும் முன்னால் நின்று போனைத் தூக்கிப் பிடிக்கிறார்கள். நானும் இரண்டு வருடம் அப்படித்தான் நின்றேன். மூன்றாம் வருடம் ஒரு பெரியவர் என் கையைப் பிடித்து விளக்குக்குப் பின்பக்கம் கூட்டிப் போனார்.

விளக்கு ஒவ்வொன்றும் சுமார் 20 அடி விட்டம், ஆயிரக்கணக்கான பல்புகள். பாட்டுக்கு ஏற்றபடி நிறங்கள் விரிந்து சுருங்குவதைப் பார்த்து, கணினிதான் இயக்குகிறது என்று நினைத்திருந்தேன். பின்னால் இருந்தது வரிசையாகச் சில இரும்பு உருளைகள், ட்ரம் அளவுக்கு. அவற்றின் மேல் காகித ஒட்டு நாடாவைக் கோலம் மாதிரி வெட்டி ஒட்டியிருந்தார்கள். பல்புகளிலிருந்து வரும் கம்பிகளின் முனையில் பெண்கள் தலைக்குக் குத்தும் ஹேர்பின்! உருளை சுற்றும்போது ஹேர்பின் இரும்பைத் தொட்டால் பல்பு எரியும், நாடாவின் மேல் ஏறினால் அணையும். உருளையைச் சுற்றுவது மனிதக் கை. வியர்வை வழிய, பாட்டின் தாளத்தைக் காதில் வாங்கிக்கொண்டே ஒருவர் சுற்றிக்கொண்டிருந்தார். எந்த இடத்தில் நாடா, எந்த இடத்தில் வெறும் இரும்பு என்பதுதான் அங்கே இசைக்குறிப்பு. இந்த உருளை முறையை 1957-இல் கொண்டுவந்தவர் ரொடால்ஃபோ டேவிட் என்ற விளக்குக் கலைஞர்.

போட்டிக்குப் பிறகும் சில இரவுகள் ஊரில் விளக்குகளை ஏற்றி வைப்பார்கள். நண்பர் குடும்பத்துக்கு அதில் ஒன்றைக் காட்டினேன், பிள்ளைகளுக்குச் சந்தோஷம்தான். ஆனால் ஊர்ப்பகுதிகள் ஒன்றையொன்று முந்தப் பார்க்கும் அந்த இரவு அவர்களுக்குக் கிடைக்கவில்லை. போகிறவர்கள் வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேருங்கள், அனுமதி கேட்டுப் பின்பக்கமும் போய்ப் பாருங்கள்.

மணிலாவில் சாப்பிட்ட சிசிக்கை வைத்து முடிவு செய்வது

சிசிக் என்பது பன்றிக்கறி உணவு. மயோனைஸும் முட்டையும் போட்ட சிசிக்கைச் சாப்பிட்டுவிட்டு, "கொழுப்பாக இருக்கிறது" என்று ஒதுக்குகிறார்கள். சிசிக்கின் உயிர் புளிப்பு. 1732-இல் ஸ்பானியப் பாதிரியார் தியேகோ பெர்கான்யோவின் அகராதியிலேயே இந்தச் சொல் இருக்கிறது. அப்போது அது பப்பாளிக்காய், கொய்யாக்காய் போட்ட புளிப்புப் பச்சடி. இன்றைய வடிவத்தை 1970-களில் பிரபலமாக்கியவர் ஏஞ்சலஸில் ரயில் பாதை ஓரம் கடை வைத்திருந்த லூசியா குனானன். கிளார்க் அமெரிக்க விமானத் தளத்தில் பன்றித் தலைக்கு வேலை இல்லாததால் அது மலிவாகக் கிடைத்தது. காதையும் கன்னத்தையும் வேகவைத்து, கரியில் சுட்டு, பொடியாக நறுக்கி, வெங்காயம், மிளகாய், கோழி ஈரல், கலமன்சி எலுமிச்சை சேர்ப்பார்கள். ஏஞ்சலஸில் அப்படியே கேட்டு வாங்குங்கள்.

புரோவை மூக்கால் தள்ளிவிடுவது

சோற்றை மீனோடோ இறாலோடோ புளிக்க வைத்தது புரோ. பழைய சோறு தின்று வளர்ந்த நாம் இதன் வாசத்துக்கு ஓடலாமா? தனியாக அள்ளிச் சாப்பிடுவதுதான் தப்பு. கடுகுக் கீரை இலையில் வேகவைத்த கத்தரிக்காய், பொரித்த மீன், மேலே கொஞ்சம் புரோ வைத்துச் சுருட்டி வாயில் போடுங்கள். கீரையின் காரத்தோடு அந்தப் புளிப்பு சேரும்போது புரியும்.

கமாருவை வீடியோ சவாலாக்குவது

நம்ம ஊர்ப் பிள்ளைப்பூச்சிதான், வயல்காரர்களின் உணவு. பிடிக்காவிட்டால் விட்டுவிடுங்கள், முகம் சுளித்துப் படம் எடுக்காதீர்கள்.

தகாலோக் போதும் என்று இருப்பது

தகாலோக் மணிலா பக்கத்து மொழி. இங்கே பேசும் கபம்பாங்கன் தனி மொழி. தகாலோக்கில் 'இபோன்' பறவை, இங்கே 'எபுன்' என்றால் முட்டை. தகாலோக்கில் 'ஹாயோப்' விலங்கு, இங்கே 'ஆயுப்' என்றால் பறவை. சாப்பிட்டு முடித்ததும், ருசியாக இருக்கிறது என்பதற்குத் தகாலோக்கின் 'மசரப்' வேண்டாம், இந்த ஊரின் 'மன்யாமன்' என்று சொல்லிப் பாருங்கள். எனக்கு ஒரு கடைக்கார அம்மா அந்த ஒரு சொல்லுக்காகவே இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினார்.

பக்கோலோர் தேவாலயத்தை வாசலோடு முடித்துக்கொள்வது

1991-இல் பினாத்துபோ எரிமலை வெடித்தது. அதன் சாம்பல் மழையில் சேறாகி இறங்கி, 1995-இல் பக்கோலோர் ஊரின் சான் கில்லெர்மோ தேவாலயத்தைப் பாதி உயரத்துக்கு மூடியது. இன்று நீங்கள் உள்ளே நுழையும் வாசல்கள் அந்தக் காலத்து ஜன்னல்கள். புதைந்த பீடத்தை ஊர்க்காரர்களே தோண்டி எடுத்து உயர்த்தி வைத்தார்கள். உள்ளே போய் உட்காருங்கள். கூரை தலைக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று பார்த்தாலே காலுக்குக் கீழே எவ்வளவு மண் என்று தெரிந்துவிடும்.

புனித வெள்ளிக்குக் கேமராவோடு போவது

வேண்டாம். சான் ஃபெர்னாண்டோவின் சான் பெட்ரோ குட்டுட் பகுதியில் அன்று சிலுவையில் ஆணி அடித்துக்கொள்கிறவர் நேர்த்திக்கடன் செலுத்துகிறார். தீ மிதிப்பவர் முகத்தில் போனை நீட்டுவோமா?

சந்தைக்குப் பதினொரு மணிக்குப் போவது

அந்த நேரத்தில் எனக்கு 'திபோக் திபோக்' கிடைத்ததே இல்லை. எருமைப் பாலைக் கெட்டியாகக் காய்ச்சிச் செய்யும் இனிப்பு இது. கொதிக்கும்போது மேல்பரப்பு இதயம் மாதிரித் துடிப்பதால் அந்தப் பெயர். ஏழு மணிக்கு முன்னால் போங்கள். வாழை இலையில் வெட்டி வைத்து, வறுத்த தேங்காய்ப்பால் கசண்டைத் தூவிக் கொடுப்பார்கள். கையில் வாங்கும்போது இலை இன்னும் சுடும்.