தாப்பாவுலேர்ந்து தாலாங் மலைக்கு, மூட்டை கட்டுறதுக்கு முன்னாடி

நாங்க அஞ்சு பேரு சுமத்ரா போய்ட்டு வந்ததுலேர்ந்து பசார்ல பாக்குறவங்க எல்லாம் எப்படி போனீங்க என்னத்த எடுத்துட்டு போனீங்கன்னு கேக்குறாங்க, ஒவ்வொருத்தருக்கா சொல்லி வாய் வலிக்குது, அதனால இங்க மொத்தமா எழுதிடுறேன். செலவு மட்டும் கேக்காதீங்க, அது டிக்கெட்ட எப்ப போடுறீங்கங்கறதுல இருக்கு.

இடம் இந்தோனேசியாவோட மேற்கு சுமத்ரா, சோலோக் பக்கம். குனோங் தாலாங், 2,597 மீட்டர், இன்னும் உயிரோட இருக்கற எரிமலை, 2005 ஏப்ரல்ல கூட வெடிச்சிருக்கு. அது அடிவாரத்துல ரெட்டப்பிள்ள மாதிரி ரெண்டு ஏரி, ஒண்ணு டானாவ் டி அத்தாஸ் இன்னொண்ணு டானாவ் டி பாவா, மேல் ஏரி கீழ் ஏரி, மலாய் தெரிஞ்ச நமக்கு யாரும் அர்த்தம் சொல்ல வேண்டாம். ரெண்டும் சுமார் 1,500 மீட்டர் உயரத்துல இருக்கு, அதாவது நம்ம கேமரன் மலை தானா ராத்தா மாதிரி. சுமத்ரா நெடுக ஓடுற பூமிப் பிளவுல உண்டான ஏரிங்க, கீழ் ஏரி 300 மீட்டருக்கு மேல ஆழம், அதனால குளிக்கிறேன்னு குதிக்காதீங்க, கரையில கால நனைச்சா போதும், அதுக்கே பல்லு தந்தி அடிக்கும்.

முதல்ல நாள் கணக்கு. வெள்ளி, திங்க ரெண்டு நாளும் லீவு போட்டே ஆகணும், சனி ஞாயிறுல மட்டும் முடிக்கிறேன்னு கிளம்பினா காடியிலயே பாதி நேரம் போயிடும். தாப்பா ரோட் ஸ்டேஷன்ல இடிஎஸ் ரயில் ஏறி கேஎல் சென்ட்ரல், அங்கேர்ந்து ரயில்லயே ஏர்போர்ட், காலை பிளைட்டுன்னா வியாழக்கிழமை ராத்திரியே கிளம்பிடுங்க. மேற்கு சுமத்ரா தலைநகர் பாடாங்குக்கு பிளைட் ஒரு மணி நேரத்துக்கு கொஞ்சம் மேல, அவங்க கடிகாரம் நமக்கு ஒரு மணி நேரம் பின்னாடி. நமக்கு விசா தேவையில்ல, பாஸ்போர்ட்ல ஆறு மாசம் பாக்கி இருக்கான்னு மட்டும் பாருங்க. அப்புறம் திரும்பி வர பிளைட்ட ஞாயிறு சாயந்திரத்துக்கு போடவே போடாதீங்க, திங்க காலைக்கு போடுங்க. ஏன்னா பாடாங்குக்கும் சோலோக்குக்கும் நடுவுல சித்திஞ்சாவ் லாவுக்னு ஒரு மலைச் சடக்கு இருக்கு, செங்குத்தா ஏறி ஒடிச்சு திரும்பற வளைவு, ஒரு லோரி அங்க நின்னுடுச்சுன்னா அம்புட்டுத்தான், மழை பேஞ்சா மண்ணும் சரியும்.

காடி பேசும்போது ஒரு விஷயம், நாம காடிய மலாய்ல கெரெத்தாங்கறோம், அங்க கெரெத்தான்னா ரயிலு, நம்ம காடிக்கு மோபில்னு சொல்லணும். எங்க கூட வந்த தம்பி ஒருத்தன் வழி தவறிட்டோம்னு நெனச்சு டிரைவர் கிட்ட பூசிங் பூசிங்னு கத்துறான், திருப்பச் சொல்றானாம், அவங்க ஊர்ல பூசிங்னா தலை சுத்துது. அந்த மனுசன் பதறி ஓரங்கட்டி, டேஷ்போர்ட துழாவி தைலத்த எடுத்து இவன் நெத்தியில தேய்ச்சு விட்டுட்டு, தண்ணியும் குடிக்கக் குடுத்துட்டுத்தான் காடிய எடுத்தாரு.

வெள்ளி ராத்திரி ஏரிக்கரையில அலாஹான் பஞ்சாங் பக்கம் ஒரு வீட்டுல தங்கிடுங்க. நிறைய பேரு அன்னைக்கே மலையேறிடலாம்னு துடிப்பாங்க, வேண்டாம். அந்த ஒரு ராத்திரி குளிர்ல தூங்கினா உடம்பு பழகிடும், அதோட ஏரிய ஆற அமர பாக்க வேற நேரம் கிடைக்காது. என்ன கேட்டா ஏரிதான் பயணம், உச்சி வந்தா லாபம். உச்சிய நம்பி போனவங்க மேகத்த பாத்துட்டு மூஞ்ச தொங்கப் போட்டுட்டு திரும்புறத நாங்க கண்ணால பாத்தோம்.

கிளம்பற வாரமே மாக்மா இந்தோனேசியாவுல, அதாவது அவங்க அரசாங்கத்தோட எரிமலை வெப்சைட்ல, தாலாங் எந்த நிலையில இருக்குன்னு பாத்துக்குங்க. நார்மல், வாஸ்பாடா, சியாகா, அவாஸ்னு நாலு படி, போகப் போக ஆபத்து கூடும். வாஸ்பாடான்னு போட்டிருந்தா எரிமலை வாய்ப் பள்ளத்துக்கு எவ்ளோ தூரம் தள்ளி நிக்கணும்னும் போட்டிருப்பாங்க, அத மீறி கூட்டிட்டு போறேன்னு யாரு சொன்னாலும் சரிலான்னு தலையாட்டாதீங்க. நார்மல்னாலும் பள்ளத்துக் கிட்ட நின்னு போட்டோ எடுத்துட்டே இருக்கக் கூடாது, கந்தக வாடை தூக்கலா வந்தா எறங்கிடணும்.

இப்ப மூட்டை. ஒடம்பு எடையில அஞ்சுல ஒரு பங்குக்கு மேல தூக்காதீங்க, அறுவது கிலோ ஆளுன்னா பன்னெண்டு கிலோ. ஒரு மாசத்துக்கு முன்னாடியே பையில பத்து கிலோ அரிசி மூட்டைய போட்டு தோட்டத்துல செம்பனைக்கு நடுவுல இருக்கற மேட்டுச் சடக்குல ஏறி எறங்கி பழகுனேன், எங்கம்மா வாசல்ல நின்னுட்டு, அரிசிக்கு ஊர சுத்திக் காட்டிட்டு வர்றியாடான்னு கேட்டாங்க. சிரிச்சாலும் பரவால்ல, பழகாம போனா தோள்பட்டை அன்னைக்கே பழி வாங்கிடும்.

காலுக்கு விலை கூடின பூட்ஸ் வேணாம், கம்போங் அடிடாஸ் போதும், அதாங்க பால்மரம் வெட்டுறவங்க போடுற அதே கருப்பு ரப்பர் ஜோடு. எங்க தாத்தா அதுலதான் முப்பது வருசம் ஓடியாடுனாரு. அடியில முள்ளு மாதிரி இருக்கும், சேத்துல பிடிக்கும், தண்ணி போனா கவுத்துக் கொட்டிட்டு நடக்கலாம். ஒரு சைஸ் பெருசா வாங்கி உள்ள பந்து ஆடுறவங்க போடுற நீள சாக்ஸ் போடுங்க, அட்டையும் ஏறாது, எறங்கும்போது கட்டைவிரல் நகமும் கருக்காது.

பைக்கு மேல போடுற மழை உறைய நம்பாதீங்க. பைக்கு உள்ள ஒரு பெரிய கருப்பு குப்பை பை விரிச்சு அதுக்குள்ள எல்லாத்தையும் அடுக்கி வாய முறுக்கிக் கட்டிடுங்க. தூங்கற உடுப்பு ஒரு செட் தனியா, என்ன நடந்தாலும் அத நடக்கும்போது போடக் கூடாது. மேல ராத்திரி பத்து டிகிரி பக்கம் எறங்கிடும், காத்தும் சேந்துக்கும், ஈரத்தோட படுத்தீங்கன்னா விடிய விடிய சிவராத்திரிதான்.

அடுப்பு கேஸ் டின்ன பிளைட்ல ஏத்த மாட்டாங்க, பாடாங்குல வாங்குங்க. பவர் பேங்க் கையில, ஊன்றுகோல் பெட்டியில. சாப்பாட்டுக்கு மேகி, சார்டின், மைலோ, அப்புறம் வீட்டுலேர்ந்து நல்லா எண்ணெய் விட்டு சுண்ட வதக்கின நெத்திலி சம்பல் ஒரு டப்பா. தண்ணி ஆளுக்கு மூணு லிட்டர்.

சனி காலையில பசியாறிட்டு ஆயிர் பாத்தும்புக் தேயிலைத் தோட்டத்துலேர்ந்து ஏறணும். பெயர பதிஞ்சிட்டு, உள்ளூர் கைட் ஒருத்தர கூட்டிக்குங்க. தேயிலை நடுவுல நடக்கும்போது கேமரன் மலை மாதிரியே இருக்கு, கொழுந்து கிள்ளுற அக்கா ஒருத்தவங்க கூடைய எறக்கி வெச்சிட்டு எங்க ஜோட்ட பாத்து சிரிச்சாங்க, அவங்க காலுலயும் ரப்பர் பூட்ஸ். அப்புறம் காடு, வேர் படிக்கட்டு, மூச்சு வாங்கும். நாலஞ்சு மணி நேரம் வெச்சுக்குங்க, மூட்டை கனமா இருந்தா ஆறு. வெளிச்சம் இருக்கும்போதே கூடாரம் போட்டுடணும்.

ஞாயிறு விடிகாலை நாலரைக்கெல்லாம் எழும்பி மேல போங்க, கூடாரத்த அங்கயே விட்டுட்டு தண்ணியும் மழைச்சட்டையும் மட்டும் போதும். எங்களுக்கு மொதல்ல ஒண்ணுமே தெரியல, வெள்ளையா பஞ்சு மாதிரி மேகம், தம்பி போலாம்ணேன்னு திரும்பிட்டான், அப்ப கீழ மேகம் விலகி ரெண்டு ஏரியும் பக்கத்துல பக்கத்துல, முந்தாநாள் நாங்க கால நனைச்ச கரை ஒரு கோடு மாதிரி தெரிஞ்சுது. பத்து நிமிசம் கூட இல்ல, மறுபடி மூடிடுச்சு.

அக்டோபர்லேர்ந்து டிசம்பர் வரைக்கும் அங்க பேய் மழை, அப்ப வேண்டாம். ஆகஸ்ட் 17 பக்கமும் வேண்டாம், அவங்க சுதந்திர நாளுக்கு மலையெல்லாம் கொடியும் கூட்டமுமா இருக்கும், கூடாரம் போட எடம் கிடைக்காது.

வரும்போது ரெண்டாங் வாங்கிட்டு வரலாம்னு கை துறுதுறுக்கும், ஆனா பெர்மிட் இல்லாம இறைச்சிய நம்ம ஊருக்குள்ள கொண்டு வர முடியாது. அத அங்கயே உக்காந்து சாப்பிட்டுட்டு, வீட்டுக்கு மரவள்ளி சிப்ஸ் காரமா போட்டு விப்பாங்க, கெரிப்பிக் பாலாடோ, அத வாங்குங்க. கையிலயே வெச்சுக்குங்க, பெட்டியில போட்டா வீடு வந்து சேர்றப்ப தூளாத்தான் இருக்கும்.