மாடித்தோட்டத்துக்குத் தானாகத் தண்ணீர் விடும் கருவி: எதை வாங்கலாம்?

மதுரையில் மொட்டைமாடியில் செடி வளர்ப்பவர்களுக்குச் சித்திரை, வைகாசியில் ஊருக்குப் போவது என்றாலே யோசனைதான். கத்திரி வெயிலில் தொட்டி மண் ஒரே நாளில் வறண்டுவிடும். தானாகத் தண்ணீர் விடும் கருவிகள் கடையில் வரிசையாகத் தொங்குகின்றன. விலையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டாம். செடி ஒரு நாளைக்கு எவ்வளவு குடிக்கிறது என்று முதலில் பாருங்கள், பாதிக் கருவிகள் அங்கேயே கழிந்துவிடும்.

படி 1: எடை போடுங்கள்

காலையில் தண்ணீர் ஊற்றி, அடியில் வடிந்து நின்றதும் தொட்டியை எடை போடுங்கள். பயணப் பெட்டிக்கு வைத்திருக்கும் கொக்கித் தராசு போதும். மறுநாள் அதே நேரத்துக்கு மறுபடி. 1 கிலோ குறைந்திருந்தால் 1 லிட்டர் போயிருக்கிறது என்று அர்த்தம். தூக்க முடியாத தொட்டியா? வழக்கமாக ஊற்றும் தண்ணீரை அளந்து வைத்துக்கொள்ளுங்கள்.

இதை நீங்கள் போகும் நாட்களால் பெருக்குங்கள். நாளுக்கு 1 லிட்டர் குடிக்கும் கத்தரிச் செடிக்கு 5 நாளைக்கு 5 லிட்டர் வேண்டும். மண்ணில் கவிழ்த்துச் செருகும் அரை லிட்டர் பாட்டில் இதற்கு என்ன செய்யும்? நிழலில் இருக்கும் மணிபிளான்ட்டுக்கு வேண்டுமானால் சரி. கற்றாழை, கள்ளி வகைகளுக்கு எந்தக் கருவியும் வேண்டாம், ஒரு வாரம் தாங்கிக்கொள்ளும்.

படி 2: செடிக்குத் தக்க கருவி

சின்னத் தொட்டிகளுக்குத் திரி நல்லது. வாளித் தண்ணீரில் ஒரு முனை, மண்ணுக்குள் வேர்ப்பக்கம் மறு முனை. பருத்தித் திரி நாளடைவில் மக்கிப்போகும், நைலான் கயிறு நீடிக்கும். திரியை முழுக்க நனைத்த பிறகே பொருத்துங்கள். ஒரு சாணுக்கு மேல் தண்ணீரை ஏற்றுவது திரிக்குக் கஷ்டம். வெறும் களிமண்ணாக இருந்தால் ஈரம் சரியாகப் பரவாது, தேங்காய் நார்த்தூள் கலந்த மண்தான் ஏற்றது.

பெரிய க்ரோ பேக்குக்கு (செடி வளர்க்கும் பை) என் ஓட்டு மண்கலயத்துக்குத்தான். மெருகு, பெயிண்ட் எதுவும் பூசாத கலயத்தைக் கழுத்து வரை புதைத்து, தண்ணீர் நிரப்பி மூடினால், மண் காயக் காய ஈரம் கசியும். மானாமதுரைப் பக்கம் சட்டி பானை வாங்கப் போனால் இதையும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கியதும் தண்ணீர் ஊற்றி வையுங்கள், சில மணி நேரத்தில் வெளிப்பக்கம் ஈரமாகாவிட்டால் அது செடிக்கு உதவாது.

மருந்துக் கடையில் விற்கும் சலைன் ட்யூபும் அருமையான கருவி (புதியதையே வாங்குங்கள், ஊசி தேவையில்லை). செடியை விட உயரத்தில் தண்ணீர் கேனை வைத்து, உருளையைத் திருகிச் சொட்டைக் கட்டுப்படுத்தலாம். பாக்கெட்டில் 20 சொட்டு 1 மி.லி. என்று போட்டிருந்தால், நிமிடத்துக்கு 14 சொட்டு விட்டால் நாளுக்குச் சுமார் 1 லிட்டர். கேனில் தண்ணீர் குறையக் குறையச் சொட்டின் வேகமும் குறையும், அதனால் அகலமான கேனாகப் பாருங்கள்.

படி 3: டைமர் வாங்குவதற்கு முன்

இருபது முப்பது தொட்டி இருந்தால் குழாயில் மாட்டும் பேட்டரி டைமரும் சொட்டுநீர்க் குழாயும்தான் வழி. பலர் ஏமாறுவது இங்கேதான். நம் வீடுகளில் தண்ணீர்த் தொட்டியும் மாடியிலேயே இருக்கிறது, செடியும் மாடியிலேயே இருக்கிறது. 1 மீட்டர் உயரத்துக்குக் கிடைக்கும் அழுத்தம் 0.1 பார் (bar, அழுத்த அலகு) மட்டுமே. சோலனாய்டு வால்வு (மின்காந்தத்தால் திறக்கும் வால்வு) உள்ள டைமர்கள் பல இந்த அழுத்தத்தில் சரியாக வேலை செய்யாது. குறைந்த அழுத்தத்திலும் திறக்கும் பால் வால்வு (ball valve, உள்ளே உருண்டை சுழன்று திறப்பது) டைமரா என்று கேட்டு, அட்டைப்பெட்டியில் குறைந்தபட்ச அழுத்தம் என்ன போட்டிருக்கிறது என்று படித்துப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள். மணிக்கு 4 லிட்டர் என்று விற்கும் டிரிப்பரும் (குழாயில் சொட்டு விடும் முனை) நம் மாடியில் அவ்வளவு தராது. டிரிப்பருக்கு அடியில் டம்ளர் வைத்து அளந்து, அதற்கேற்ப நேரத்தைக் கூட்டுங்கள்.

போர் தண்ணீர் என்றால் உப்புப் படிந்து டிரிப்பர் அடைக்கும். கழற்றிச் சுத்தம் செய்யக்கூடியதாக வாங்குங்கள், தொடக்கத்தில் ஒரு வடிகட்டியும் போடுங்கள். திரியில் வளரும் தொட்டிகளில் உப்பு மேல்மண்ணில் வெள்ளையாகப் பூக்கும். அவ்வப்போது மேலிருந்து தாராளமாக ஊற்றி அலசிவிட வேண்டும்.

படி 4: வீட்டில் இருக்கும்போதே ஓட்டிப் பாருங்கள்

கிளம்புவதற்கு நாலைந்து நாள் முன்பே மாட்டிவிட்டு, கையால் ஊற்றுவதை நிறுத்துங்கள். அதே தராசில் தினமும் எடை பாருங்கள். எடை இறங்கிக்கொண்டே போனால் இன்னொரு திரி சேர்க்கலாம், சொட்டைக் கூட்டலாம். ஏறிக்கொண்டே போனால் உடனே குறையுங்கள், மல்லிகைக்கு வேரில் தண்ணீர் தேங்கினால் ஆகாது. அப்புறம், வாளி, கேன், கலயம் எல்லாவற்றின் வாயையும் துணியால் இறுக்கிக் கட்டுங்கள். டெங்கு கொசுவுக்குத் தேங்கிய நல்ல தண்ணீரும் ஒரு வாரமும் போதும்.