உருளைக்கிழங்கு வறுவல் மொறுமொறுப்பாக வரத் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உருளைக்கிழங்கின் எடையில் ஏறக்குறைய 80 சதவீதம் தண்ணீர்தான். துண்டுகளின் மேற்பரப்பில் ஈரம் இருக்கும் வரை, அடுப்பை எவ்வளவு கூட்டி வைத்தாலும் அந்த இடத்தின் சூடு 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. பொன்னிறமும் மொறுமொறுப்பும் வருவதற்கோ 140 டிகிரியை ஒட்டிய சூடு வேண்டும். வறுவல் குழைந்துபோனால் எண்ணெயையும் சட்டியையும் குறை சொல்கிறோம். உண்மையில், வீட்டில் நேரும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஈரத்தை வெளியேற விடாமல் செய்பவையே.

நகத்தால் சுரண்டினாலே தோல் உரியும் புதுக்கிழங்கில் நீர் அதிகம், மாவுச்சத்து குறைவு என்பதால், வறுவலுக்கு முற்றிய கிழங்கே ஏற்றது. அதைக் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பதும் தவறு. அந்தக் குளிரில் மாவுச்சத்தின் ஒரு பகுதி சர்க்கரையாக மாறிவிடுவதால், துண்டுகள் மொறுமொறுப்பாவதற்கு முன்பே கருத்துக் கசக்கத் தொடங்கும். வெளிச்சம் படாத, காற்றோட்டமான இடமே போதும். பச்சை நிறம் பாய்ந்த கிழங்கைச் சமைக்கவே கூடாது.

நறுக்கிய துண்டுகளைக் கழுவாமல் போட்டால், வெட்டுப்பட்ட பரப்பில் கசிந்திருக்கும் மாவு பசைபோலாகித் துண்டுகளை ஒன்றோடொன்றும் சட்டியோடும் ஒட்டவைக்கும். தண்ணீர் தெளியும் வரை இரண்டு மூன்று முறை அலச வேண்டும்.

அரைவேக்காடு வைப்பதில்தான் அதிகம் கெட்டுப்போகிறது. குக்கரில் வைத்தால் எந்த நொடியில் நிறுத்துவது என்பது நம் கையில் இருப்பதில்லை; விசில் அடங்குவதற்குள் கிழங்கு மசிந்துவிடும். திறந்த பாத்திரத்தில், உப்புடன் லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி வினிகர் சேர்த்த தண்ணீரில் வேகவைப்பது நல்லது. புளிப்பு, கிழங்கின் செல்களைப் பிணைத்திருக்கும் பெக்டின் எளிதில் கரைந்துவிடாமல் தடுப்பதால், துண்டுகள் முனை உடையாமல் நிற்கும். கத்தி நுனி வெளிப்புறத்தில் எளிதாக இறங்கி, நடுவில் சற்றே தடைப்படும்போது வடித்துவிட வேண்டும். வடித்ததும் நேரே எண்ணெயில் கொட்டாமல், அகலமான தட்டில் பரப்பிப் பத்து நிமிடம் விடுங்கள். முதலில் துண்டுகளின் மேல் ஈரப் பளபளப்பு தெரியும். ஆவி அடங்க அடங்க அது மறைந்து, மாவு தூவியதுபோல் வெளுத்து உலர்ந்த தோற்றம் வரும். அதைக் கண்ட பிறகே சட்டியைச் சூடாக்கலாம். அரிசி மாவு தூவ விரும்பினால் அதையும் இந்த நிலையில்தான் தூவ வேண்டும். ஈரத்தில் பட்டால் அது கூழாகிவிடும்.

சட்டி கனமானதாகவும் அகலமானதாகவும் இருக்கட்டும். துண்டுகள் ஒரே அடுக்காகப் பரவ இடமில்லையென்றால் இரண்டு தடவையாக வறுப்பதே முறை; குவித்துப் போட்டால் கீழே எழும் ஆவி மேலே உள்ளவற்றை அவித்துவிடும். காதாலும் இதை அறியலாம்: சடசடவென்ற கூர்மையான ஓசை வறுபடுவதற்கும், சளசளவென்ற மந்தமான ஓசை நீர் தேங்குவதற்கும் அடையாளம். போட்ட உடனே கிளறும் பழக்கத்தையும் விட வேண்டும். மூன்று நான்கு நிமிடம் தொடாமல் விட்டால், அடிப்பக்கம் பொருக்குக் கட்டியதும் துண்டு தானாகவே சட்டியை விட்டுப் பிரியும். அதற்குமுன் கரண்டியால் பெயர்த்தால் அந்தப் பொருக்கு சட்டியிலேயே தங்கிவிடும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு மூடி போடுவது என்பேன். விரைவில் வேகும் என்று நம்பி நானும் பல காலம் மூடித்தான் வறுத்தேன். ஒருநாள் மூடியைத் தூக்கியபோது அதன் உட்புறத்திலிருந்து வரிசையாக நீர்த்துளிகள் துண்டுகளின்மேல் சொட்டுவதைப் பார்த்த பிறகுதான், அதுவரை நான் வறுத்தது பாதி, அவித்தது பாதி என்று புரிந்தது.

மிளகாய்த்தூளும் மஞ்சள்தூளும் சூடான எண்ணெயில் விரைவில் கருகுபவை என்பதால், தீயைக் குறைத்துக் கடைசி இரண்டு நிமிடத்தில் சேர்த்தால் போதும்.

உணவு வகைகளில் வறுவலைக் கடைசியாகச் செய்து, மூடாமல் பரிமாறுங்கள். மூடிய பாத்திரத்தில் கால் மணி நேரம் இருந்தாலே அதன் ஆவியே அதை நமத்துப்போகச் செய்துவிடும். மிஞ்சியதைச் சூடாக்கவும் மைக்ரோவேவ் ஏற்றதல்ல. அதே கனமான சட்டியில், மேலும் எண்ணெய் விடாமல், பரப்பித் திறந்தபடி ஐந்து நிமிடம் வைத்தால் மொறுமொறுப்பு பெருமளவு திரும்பிவிடும்.