இரண்டு காதும் வேண்டும்: ‘ஐ ஃபீல் லவ்’ பேஸை வீட்டிலேயே கட்டுவது எப்படி

முதலில் ஒரு ஹெட்ஃபோன் எடுத்துக்கொள்ளுங்கள். விலை உயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை, இரண்டு பக்கமும் வேலை செய்தால் போதும். இதை ஏன் முதல் வேலையாகச் சொல்கிறேன் என்றால், அமெரிக்கப் பாடகி டோனா சம்மரின் ‘ஐ ஃபீல் லவ்’ பாட்டை ஏறக்குறைய ஒரு வருடம் நான் பாதிதான் கேட்டிருக்கிறேன். அப்போது என்னிடம் இருந்த இயர்ஃபோனில் வலது பக்கம் செத்துப்போயிருந்தது. பாட்டு பிடித்திருந்தது, ஆனால் இதை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள் என்று மட்டும் புரியவில்லை. பேஸ், அதாவது பாட்டின் அடியில் ஓடும் தாழ்ந்த ஒலி, சாதுவாக நடந்துகொண்டிருந்தது. ஒரு நாள் இரவு தங்கையின் ஹெட்ஃபோனை வாங்கி மாட்டினேன். அதே பாட்டு, அதே வேகம், ஆனால் நடந்துகொண்டிருந்த பேஸ் ஓட ஆரம்பித்துவிட்டது. இடது காதில் ஒரு தட்டு, வலது காதில் அதற்குப் பதில் ஒரு தட்டு. படுக்கையில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

நான் பிள்ளைகளுக்குக் கீபோர்டு சொல்லிக்கொடுப்பவள். கம்ப்யூட்டரில் இசை செய்ய ஆசைப்பட்டு வருகிறவர்களுக்கு முதல் பாடமாக இப்போது இந்தப் பேஸைத்தான் கொடுக்கிறேன். நான்கே ஸ்வரம், ஒரே ஒரு எதிரொலி. விரல் பழக்கம் இல்லாதவர்களும் ஒரு சாயங்காலத்தில் கட்டிவிடலாம். நன்றாகக் கட்டுவதற்குத்தான் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

கைவைக்கும் முன்னால் இந்தப் பாட்டின் கதை கொஞ்சம் தெரிந்திருந்தால் நல்லது, வேலைக்கும் உதவும். 1977இல் வந்த ‘ஐ ரிமெம்பர் எஸ்டர்டே’ ஆல்பத்தின் கடைசிப் பாட்டு இது. ஆல்பத்தில் பழைய காலங்களின் சாயலில் பாட்டுகள் வந்து, முடிவில் வருங்காலத்துக்கென்று ஒன்று வேண்டும் என்று தயாரிப்பாளர்கள் ஜார்ஜியோ மொரோடரும் பீட் பெல்லோட்டும் நினைத்தார்கள். வருங்காலத்தை வயலினிலும் கிட்டாரிலும் எப்படிக் காட்டுவது? அதனால் மின்சாரத்தால் ஒலியை உண்டாக்கும் மூக் சின்தசைசரிடம் போனார்கள். முதலில் சிங்கிளாக, அதாவது பக்கத்துக்கு ஒரு பாட்டு உள்ள சிறு இசைத்தட்டாக, வந்தபோது ஒரு மெல்லிசைப் பாட்டின் பின்பக்கத்தில்தான் இதற்கு இடம் கிடைத்தது. பிறகு பின்பக்கமே முன்பக்கமாகி, அந்த ஆண்டே பிரிட்டனில் முதலிடத்துக்குப் போனது. ஆல்பத்தின் கடைசியில் இருக்கும் பாட்டுகளைத் தாண்டிப்போகாதீர்கள் என்று என் பிள்ளைகளிடம் சொல்லும்போதெல்லாம் இதைத்தான் காட்டுகிறேன்.

பதிவு நடந்தது ஜெர்மனியின் மியூனிக்கில், ஒரு உயரமான கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்த மியூசிக்லேண்ட் ஸ்டூடியோவில். அலமாரி அளவுக்கு இருந்த மூக் இயந்திரம் இசையமைப்பாளர் எபர்ஹார்ட் ஷோனருக்குச் சொந்தமானது. அதை இயக்கத் தெரிந்தவர் ராபி வெடல் என்ற பொறியாளர். டேப்பின் ஒரு தடத்தில் ஒரு துடிப்பைப் பதிந்துவைத்து, அடுத்தடுத்துப் பதிவதெல்லாம் அந்தத் துடிப்போடு ஒட்டிப் போகும்படி செய்தவர் அவர். இன்று உங்கள் மென்பொருளில் டெம்போ என்று ஒரு எண்ணைப் போடுகிறீர்களே, அந்தச் சௌகரியத்தை 1977இல் கையால் உண்டாக்கினார்கள்.

சரி, வேலைக்கு வருவோம்.

இசை மென்பொருளில் எல்எம்எம்எஸ், கராஜ்பேண்ட், ஃபோனில் பேண்ட்லேப், எது இருந்தாலும் சரி, மூன்றுமே இலவசம். டெம்போவை, அதாவது வேகத்தை, நிமிடத்துக்கு 128 பீட் என்று வையுங்கள். புது டிராக்கில் ஒரு சின்தசைசரைத் திறந்து ரம்ப அலையைத் தேர்ந்தெடுங்கள், அதாவது ‘சா’ என்று போட்டிருப்பது. ஃபில்டரை லோ பாஸில் (தாழ்ந்த ஒலியை மட்டும் விடும் வடிகட்டி) வைத்து, ஒலி மங்கலாகும் வரை இறக்குங்கள். ஒலி எழுந்து அடங்கும் விதத்தைத் தீர்மானிக்கும் என்வலப்பில் அட்டாக் (எழும் நேரம்) பூஜ்யம், சஸ்டெய்ன் (நீடித்து நிற்கும் அளவு) பூஜ்யம், டிகே (அடங்கும் நேரம்) ஒரு பொட்டு அளவு. சாவியைத் தட்டினால் ‘டுப்’ என்று கேட்டு அடங்க வேண்டும். ‘டூஊஊ’ என்று இழுத்தால் டிகே அதிகம்.

இப்போது ஸ்வரங்கள். பியானோவின் நடு சி-யிலிருந்து இரண்டு ஆக்டேவ் கீழே இறங்குங்கள். அந்த சி, மறுபடி அதே சி, அதற்கு மேலே ஜி, அதற்கும் மேலே பி ஃபிளாட். கர்நாடக சங்கீதம் படித்த பிள்ளைகளிடம் ஸ ஸ ப நி, கைசிகி நிஷாதம் என்று சொல்வேன், உடனே பாடிவிடுவார்கள். இவற்றை அரை பீட்டுக்கு ஒன்றாக வையுங்கள். இரண்டு பீட்டில் நான்கும் முடிந்து மறுபடி தொடங்கும், நான்கு பீட் கொண்ட ஒரு பாருக்கு இரண்டு சுற்று. ஒவ்வொரு நோட்டின் நீளத்தையும் கால் பீட்டுக்குள் அடக்குங்கள். இது முக்கியம், ஏன் என்று இப்போதே தெரிந்துவிடும்.

ஓடவிட்டுக் கேளுங்கள். சலிப்பாக இருக்கும். இருக்கட்டும், செத்துப்போன இயர்ஃபோனில் நான் கேட்டது இதைத்தான்.

அந்த டிராக்கை அப்படியே நகல் எடுங்கள். முதல் டிராக்கின் பேன் குமிழை முழுக்க இடப்பக்கம் திருப்புங்கள், நகலை முழுக்க வலப்பக்கம். பிறகு நகலில் இருக்கும் நோட்டுகள் எல்லாவற்றையும் கால் பீட்டு தாமதமாக வரும்படி தள்ளுங்கள். 128 டெம்போவில் அது 117 மில்லிசெகண்ட், கண் இமைக்கும் நேரத்துக்கும் குறைவு. இப்போது ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு ஓடவிடுங்கள்.

பதினொன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் இந்த இடத்தில் கேட்டான், “மிஸ், இதுக்கு டிலே எஃபெக்ட் போட்டா போதுமே, எதுக்கு காப்பி எடுக்கணும்?” நியாயமான கேள்வி. மியூனிக்கில் செய்ததும் டிலேதான்: மூல ஒலி இடப்பக்கம், தாமதித்த ஒலி வலப்பக்கம். நீங்களும் அப்படிச் செய்யலாம், ஃபீட்பேக்கைப் பூஜ்யத்தில் வைத்தால் போதும், எதிரொலி ஒரே ஒரு முறை வரும். ஆனால் பழகும்போது நகல்தான் நல்லது. வலது டிராக்கை மியூட் செய்தால் பேஸ் நடக்கிறது, மியூட்டை எடுத்தால் ஓடுகிறது. இதைப் பத்து முறை செய்து பாருங்கள். நீங்கள் எழுதியது பாருக்கு எட்டுத் தட்டு, காதுக்குக் கேட்பது பதினாறு. மீதி எட்டையும் யாரும் வாசிக்கவில்லை. அந்தப் பையன் மியூட் பட்டனை அழுத்தி அழுத்தி விளையாடிக்கொண்டே இருந்தான், நானும் தடுக்கவில்லை. அன்றைய பாடமே அதுதான்.

நோட்டு கால் பீட்டுக்கு மேல் நீண்டால் இடது ஒலி முடிவதற்குள் வலது ஒலி வந்து ஏறிக்கொள்ளும், தட்டுகள் தனித்தனியாகக் கேட்காமல் குழைந்துவிடும். கூழ் மாதிரி கேட்டால் முதலில் நீளத்தைப் பாருங்கள், அப்புறம் டிகேயை. வலப்பக்கத்தின் சத்தத்தை இடதைவிட ஒரு பொட்டு குறைத்து வைப்பது என் வழக்கம். பீட்டில் விழுவது இடதுதான், அது கொஞ்சம் ஓங்கி இருந்தால் காலுக்குப் பிடி கிடைக்கும்.

அடுத்தது சுருதி. அந்த மூக் இயந்திரம் சூடேறச் சூடேறச் சுருதி விலகும். இருபது முப்பது நொடி பதிவார்கள், நிறுத்திச் சுருதி சேர்ப்பார்கள், மறுபடி பதிவார்கள். பாட்டு முழுக்க அப்படித் துண்டு துண்டாகச் சேர்ந்ததுதான். இயந்திர இசை என்றால் பட்டனைத் தட்டிவிட்டுக் கை கட்டி உட்காருவது என்று நினைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். நம் மென்பொருள் சின்தசைசர் விலகவே விலகாது. அதனால் ஒரு எல்எஃப்ஓவை (ஒலியை மெல்ல அசைக்கும் மெதுவான அலை) மிக மெதுவாக ஓடவிட்டு, சுருதியை இரண்டு மூன்று சென்ட் மட்டும் அசையவிடுங்கள், சென்ட் என்பது ஒரு செமிடோனில் நூறில் ஒரு பங்கு. கேட்பவருக்குத் தெரியக்கூடாது, ஆனால் எடுத்துவிட்டால் ஏதோ குறைகிற மாதிரி இருக்க வேண்டும்.

இனி கிக் டிரம், அதாவது அந்த ‘தொம் தொம்’. பாட்டில் கிட்டத்தட்ட எல்லா ஒலியும் மூக் இயந்திரத்திலிருந்து வந்தது. ஹை-ஹேட் என்ற ஜோடித் தாளத்தட்டு மாதிரி கேட்கும் ‘ட்ஸ் ட்ஸ்’ கூட இயந்திரத்தின் இரைச்சலைத் துண்டாக வெட்டிச் செய்ததுதான். ஆனால் வயிற்றில் வந்து மோதும் கிக்கை அந்த இயந்திரத்தால் கொடுக்க முடியவில்லை. கீத் ஃபோர்சி என்ற டிரம்மர் உட்கார்ந்து காலாலேயே வாசித்தார். பாட்டில் மனித உடம்பிலிருந்து வருவது இரண்டுதான், டோனா சம்மரின் குரலும் ஃபோர்சியின் காலும். எல்லோரும் பேஸைப் பற்றிப் பேசுகிறோம், நானும் அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். ஆனாலும் அந்தக் கால் இல்லாவிட்டால் பேஸ் அந்தரத்தில் தொங்கும் என்பது நானே எடுத்துப் பார்த்து உணர்ந்தது.

அதனால் கிக்கை மவுஸால் கட்டத்தில் வைக்காதீர்கள். கீபோர்டோ, கம்ப்யூட்டரின் ஒரு சாவியோ, ஃபோன் திரையோ, விரலால் தட்டிப் பதியுங்கள். பீட்டுக்கு ஒன்று, மூன்று நிமிடம், நிறுத்தாமல். பதிந்த பிறகு, தட்டுகளைத் தானாகப் பீட்டில் பொருத்தும் குவான்டைஸ் பட்டன் பக்கம் போக வேண்டாம். பீட்டை விட்டு மிகவும் விலகிய தட்டுகளை மட்டும் திருத்துங்கள். முதல் நிமிடத்தில் கை அவசரப்படும், இரண்டாவதில் சலிக்கும், மூன்றாவதில் கை தானாக நிதானத்துக்கு வரும். நான் மூன்றாவது நிமிடத்தை மட்டும் வெட்டி எடுத்து லூப் செய்துகொள்வேன். கிக்கின் பேன் நடுவில் இருக்கட்டும். அது நடுவில் நின்றால்தான் பேஸ் அதன் இரு பக்கமும் துள்ள முடியும்.

‘ட்ஸ் ட்ஸ்’ சுலபம். ஒயிட் நாய்ஸ் (‘ஸ்ஸ்’ என்ற இரைச்சல்), மிகக் குறுகிய டிகே, கால் பீட்டுக்கு ஒன்று, சத்தம் குறைவாக. அவ்வளவுதான்.

இப்போது பெரிய சோதனை வரும். ஒரு நிமிடம் ஓடியதும் ஏதாவது சேர்க்க வேண்டும் என்று கை துறுதுறுக்கும். பியானோ, வயலின், கைதட்டல், இன்னொரு மெட்டு. சேர்க்காதீர்கள். ஆல்பத்தில் இந்தப் பாட்டு ஆறு நிமிடத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. அத்தனை நேரமும் அதே பேஸ் தாங்குகிறது என்றால் அதற்கு ஒரு வித்தை உண்டு: நான்கு ஸ்வரத்தையும் மொத்தமாகத் தூக்கி வேறு சுருதியில் வைத்துவிடுவது. வடிவம் மாறாது, இடம் மட்டும் மாறும். நீங்களும் எட்டு பார் சி-யில் ஓடிய பிறகு, அடுத்த நான்கு பாரில் எல்லா நோட்டையும் மூன்று செமிடோன், அதாவது கறுப்பு வெள்ளை எல்லாம் சேர்த்து மூன்று சாவி, மேலே நகர்த்திப் பாருங்கள். தரை எழும்பின மாதிரி இருக்கும். இரண்டு டிராக்கிலும் நகர்த்த மறக்காதீர்கள், மறந்தால் இரண்டு காதும் சண்டை போடும். அதோடு ஃபில்டரைப் பதினாறு பாருக்கு மேல் மெல்ல மெல்லத் திறந்துகொண்டே வாருங்கள். மாற்றம் நடப்பது தெரியாமல் மாறியிருக்க வேண்டும், விடியற்காலை வெளிச்சம் மாதிரி.

குரல் வைக்க ஆசையிருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். டோனா சம்மர் அமெரிக்காவின் போஸ்டனில் சர்ச்சில் பாடி வளர்ந்தவர், ‘ஹேர்’ இசை நாடகத்தில் நடிக்க மியூனிக் வந்தவர். கூரையைப் பிளக்கும் குரல் அவருக்கு உண்டு. இந்தப் பாட்டில் அதைக் கொண்டுவரவே இல்லை. மேல் ஸ்தாயியில், காற்றைவிட லேசாக, மிகக் கொஞ்சம் சொற்களை நீட்டி நீட்டிப் பாடுகிறார். கீழே பதினாறு தட்டு ஓடும்போது மேலே ஒரு சொல் நிதானமாக மிதக்கிறது. அவசரத்துக்கு மேல் அமைதியை வைத்த அந்த முடிவைத்தான் நான் இந்தப் பாட்டில் எல்லாவற்றையும்விட அதிகம் நேசிக்கிறேன். அதனால் பேஸோடு போட்டி போட்டு வேகமாகப் பாடாதீர்கள். ஒரு ‘ஆ’வைக்கூட மூச்சு இருக்கும் வரை நீட்டலாம், அதையே இரண்டு மூன்று முறை பதிந்து ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கலாம். சொந்த வரிகளையே பாடுங்கள். டோனாவின் பாட்டையே பாடி வெளியிடுவதென்றால் அனுமதி வாங்க வேண்டும், வீட்டில் பழக யாரும் தடுக்கப்போவதில்லை.

கடைசியாக, ஃபைலாக எடுத்ததும் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு இரண்டு ஸ்பீக்கரில் போட்டுக் கேளுங்கள். ஒன்றை அறையின் இந்த மூலையிலும் இன்னொன்றை அந்த மூலையிலும் வையுங்கள். ஒரே பெட்டியில் வரும் சின்ன ப்ளூடூத் ஸ்பீக்கர் இதற்கு உதவாது. அதில் பதினாறு தட்டும் கேட்கும், ஆனால் ஒரே இடத்திலிருந்து வரும். இடது ஸ்பீக்கரின் பக்கத்தில் நின்றால் பேஸ் கிக்கோடு சேர்ந்து நடக்கும். வலது ஸ்பீக்கரின் பக்கம் போனால் கிக்குக்கு நடுநடுவே விழும். இரண்டுக்கும் மத்தியில் ஒரு இடம் இருக்கிறது, அங்கே வந்தால் ஓட ஆரம்பிக்கும். அந்த இடத்தில் நின்றுகொண்டு வலப்பக்கத்தின் சத்தத்தை ஏற்றி இறக்கிச் சரிபாருங்கள்.

என் வகுப்பறையில் அந்த இடம் ஜன்னலுக்கும் மேஜைக்கும் நடுவே, மூன்றாவது தரைக்கல்லில். மியூட் பட்டனோடு விளையாடிய பையன் தன் டிராக்கைப் போட்டுவிட்டு, சுவரிலிருந்து சுவருக்கு இரண்டு தடவை மெதுவாக நடந்தான். மூன்றாவது தடவை அந்தக் கல்லில் கால் வைத்ததும் நின்றுவிட்டான். பாட்டு முடிந்த பிறகும் நகரவில்லை. “மிஸ், அப்படியே இன்னொரு தடவை போடுங்க,” என்றான்.