கடற்பாசிச் சோதனையில் பொய் வளையம்

மலேசியாவின் போர்ட்டிக்சன் கரையில் எடுத்த சர்காசம் என்ற பழுப்புக் கடற்பாசி, பாக்டீரியாவைத் தடுக்குமா என்று சோதித்தேன். பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற பாக்டீரியா பூசிய அகார் (கிருமி வளர்க்கும் கூழ்) தட்டில், மெத்தனால் என்ற கரைப்பானில் எடுத்த பாசிச்சாறு விட்ட காகித வில்லையைச் சுற்றி, பாக்டீரியா வளராத அழகான தெளிவளையம். ஆனால் வெறும் மெத்தனால் விட்ட வில்லையைச் சுற்றியும் அதே அளவு வளையம்! தடுத்தது பாசியல்ல, காயாத மெத்தனால்.

20 மைக்ரோலிட்டரை ஒரேயடியாக விட்டதுதான் தப்பு. 6 மில்லிமீட்டர் வில்லைக்கு ஐந்தைந்தாக நான்கு முறை, ஒவ்வொரு முறையும் நன்றாகக் காயவிட்டு வைத்தேன். மெத்தனால் மட்டும் விட்ட வில்லையில் வளையம் மறைந்தது, பாசிச்சாறு வில்லையில் சிறியதாக நின்றது. அதுதான் நிஜம்.

சுங்கை சிப்புட் ஊரின் மழைக்கு நிழலில் உலர்த்தினால் பாசியில் பூஞ்சணம் பிடிக்கும்; நல்ல தண்ணீரில் உப்புப் போகக் கழுவி, 40 டிகிரி அடுப்பில் உலர்த்துவதே மேல். 90 மில்லிமீட்டர் தட்டுக்கு அகார் 25 மில்லி, சமதள மேசையில் ஊற்ற வேண்டும். மேசை சாய்ந்தால் அகார் ஒருபுறம் தடித்து, வளையம் முட்டை வடிவாகும்.