டார்க் ஆம்பியன்ட் கேட்கத் தொடங்குகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிர்த்துவிடுங்கள்

மெட்டையும் தாளத்தையும் நம்பாமல், நீண்டு ஒலிக்கும் இருண்ட ஒலிகளால் ஒரு சூழலை உருவாக்கும் இசைதான் டார்க் ஆம்பியன்ட். அந்த ஆல்பம் ஒன்றை யாருக்காவது பரிந்துரைத்தால் மறுநாள் வரும் பதில் அநேகமாக இதுதான்: "கேட்டேன், ஒண்ணுமே நடக்கலையே." அவர் கேட்டது போன் ஸ்பீக்கரில் என்றால் அந்தப் பதில் உண்மைதான். ஆல்பத்தின் பெரும்பகுதி அவர் காதுக்கு வந்தே சேர்ந்திருக்காது.

லஸ்ட்மோர்ட் என்ற பெயரில் இசையமைப்பவர் வேல்ஸ்காரரான பிரையன் வில்லியம்ஸ். 1990-இல் வந்த அவருடைய 'ஹெரெசி' இந்த வகை இசைக்கு அடித்தளம் போட்ட ஆல்பங்களில் ஒன்று. குகைகள், நிலத்தடிக் கல்லறை அறைகள் போன்ற இடங்களில் பதிவு செய்த ஒலிகளிலிருந்து உருவானது. ஒரு பெரிய கல் அறையின் அதிர்வுதான் அதில் மெட்டு இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. அந்த அதிர்வின் உயிர் மிகத் தாழ்ந்த ஒலிகளில் இருக்கிறது. 40 ஹெர்ட்ஸ் ஒலியலை ஒன்றின் நீளம் சுமார் எட்டரை மீட்டர். போனுக்குள் இருக்கும் துளியூண்டு ஸ்பீக்கரால் அதற்குத் தேவையான காற்றை அசைக்கவே முடியாது. மிஞ்சுவது மேலே மிதக்கும் கொஞ்சம் இரைச்சல் மட்டும். அதைக் கேட்டுவிட்டு ஆல்பத்தைப் பற்றி முடிவு கட்டுவது அநியாயம்.

விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். காதை முழுக்க மூடும் சாதாரண ஹெட்போன் போதும். வீட்டில் பழைய ஹோம் தியேட்டர் இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் படம் பார்ப்பதற்காக அதன் பாஸை உச்சத்தில் ஏற்றி வைத்திருப்போம், அதைக் குறைத்துவிட்டுக் கேளுங்கள். இல்லாவிட்டால் எல்லாம் ஒரே உறுமலாகக் குழம்பிவிடும்.

சத்தம் பற்றியும் சொல்லியாக வேண்டும். இந்த ஆல்பங்கள் பலவும் கேட்கிறதா இல்லையா என்ற அளவில்தான் தொடங்கும். உடனே கை வால்யூம் பட்டனுக்குப் போகும். பதினைந்து நிமிடம் கழித்து ஒலி முழு உயரத்துக்கு எழும்போது காது அதைத் தாங்க வேண்டியிருக்கும். உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு 80 டெசிபெல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம், 90 டெசிபெல் என்றால் வெறும் 4 மணி நேரம். மணிக்கணக்கில் நீளும் இசை என்பதால் இந்தக் கணக்கை மறக்கவே கூடாது. ஆல்பத்தின் நடுப்பகுதியை ஒருமுறை ஓடவிட்டு, அதற்கேற்ப வால்யூமை வைத்துவிட்டு, பிறகு தொடக்கத்துக்கு வாருங்கள்.

அப்புறம் ஆப் செட்டிங். ஷஃபிளை அணையுங்கள். ஒரு பாட்டின் வாலையும் அடுத்த பாட்டின் தலையையும் ஒட்டித் தரும் கிராஸ்ஃபேடையும் அணையுங்கள். நடுவில் விளம்பரம் வரும் இலவசக் கணக்கில் இந்த இசையைக் கேட்காமல் இருப்பதே மேல்.

இரண்டாவது பெரிய தவறு, முப்பது நொடி கேட்டுவிட்டு முன்னால் தள்ளித் தள்ளிப் பார்ப்பது. பாடலில் இது ஓரளவு செல்லும், பல்லவி எங்கே, சரணம் எங்கே என்று பிடித்துவிடலாம். வில்லியம் பசின்ஸ்கியின் 'தி டிசின்டக்ரேஷன் லூப்ஸ்' தொகுப்பில் இப்படிச் செய்தால் எதுவுமே கிடைக்காது. 1980-களில் பதிவு செய்த டேப் லூப்களை (முனைகளை ஒட்டி வட்டமாக்கி, திரும்பத் திரும்ப ஓடவிடும் டேப் துண்டுகளை) அவர் 2001-இல் டிஜிட்டலுக்கு மாற்றிக்கொண்டிருந்தார். டேப்பின் மேலிருந்த காந்தப்பூச்சு ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக உதிரத் தொடங்கியது. அவர் நிறுத்தவில்லை, ஓடவிட்டுப் பதிவு செய்தார். முதல் துண்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் நீள்கிறது, ஆனால் அதில் இருப்பது சில நொடிகளே நீளும் ஒரே ஒரு சொற்றொடர். தொடக்கத்தில் அது பித்தளை ஊதுகருவிகள் வாசிப்பதுபோல முழுமையாக இருக்கும். போகப்போக ஸ்வரங்களின் ஓரங்கள் மழுங்கும், நடுவே சிறு ஓட்டைகள் விழும். கடைசிப் பகுதியில் இசையைவிட இடைவெளியே அதிகம். எந்த நிமிடத்தில் மாறியது என்று யாராலும் விரல் வைத்துக் காட்ட முடியாது. தள்ளிவிட்டுக் கேட்பவருக்கு இரண்டு வெவ்வேறு ஒலிகள் கிடைக்கும், உதிர்வது மட்டும் கிடைக்காது.

இதோடு சேர்ந்த இன்னொரு தவறு உண்டு. அந்தப் பணி முடிந்த சமயத்தில்தான் செப்டம்பர் 11 தாக்குதல் நடந்தது. பசின்ஸ்கி நியூயார்க்கின் புரூக்ளினில் தன் வீட்டு மொட்டைமாடியிலிருந்து அந்தப் புகையைப் பார்த்தார், இறந்தவர்களுக்கு இந்தப் படைப்பைக் காணிக்கையாக்கினார். அந்த உணர்வு உண்மையானது. ஆனாலும் கதையை முதலில் படித்துவிட்டு, ஒவ்வொரு ஒலியிலும் கோபுரம் சரிவதைத் தேடினால், டேப் உதிர்வதைக் கேட்காமல் விட்டுவிடுவோம். முதல்முறை கதை தெரியாமல் கேட்பது பாக்கியம் என்றே சொல்வேன்.

நீண்ட ஒற்றை ஒலிகள் அலுப்பூட்டும் என்று முன்கூட்டியே பயப்படுபவர்களுக்குத் தம்புராவை நினைவூட்ட விரும்புகிறேன். நன்றாகச் சுருதி சேர்ந்த தம்புராவை மீட்டும்போது, எந்தக் கம்பியிலும் இல்லாத அந்தர காந்தாரம் என்ற ஸ்வரம் தானாக எழும். கச்சேரிக்கு முன் பாடகர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பது அதைத்தான். பிரெஞ்சு இசையமைப்பாளர் எலியான் ரதீக் ஏஆர்பி 2500 என்ற மின்னணு சின்தசைசரில் செய்த நீண்ட ஒலிப் படைப்புகளையும் அதே காதோடு கேட்கலாம். ஒரே ஒலியை நீட்டிக்கொண்டே போகும் அமெரிக்க டிரோன் இசையின் முன்னோடி லா மான்டே யங் 1970-இல் இந்துஸ்தானிப் பாடகர் பண்டிட் பிரான் நாத்திடம் சீடராகச் சேர்ந்ததால், இந்த உறவு வெறும் ஒப்புமையோடு நிற்கவில்லை.

திரைப்பட இசை ஆல்பங்களில் தவறுகள் வேறு மாதிரி. ஆல்பத்தில் இருப்பது படத்தில் கேட்டதேதான் என்று நம்பி வாங்குவது முதல் தவறு. 'பிளேட் ரன்னர்' 1982-இல் வந்தது. அந்த ஆண்டு கடையில் கிடைத்தது வேறொரு ஆர்கெஸ்ட்ரா வாசித்த பதிப்பு. வாங்கெலிஸின் அசல் இசை ஆல்பமாக வர 1994 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 'ஸ்டாக்கர்' விஷயத்தில் குழப்பம் இன்னும் அதிகம். ராபர்ட் ரிச்சும் லஸ்ட்மோர்ட்டும் 1995-இல் வெளியிட்ட 'ஸ்டாக்கர்' ரஷ்ய இயக்குநர் தார்க்கோவ்ஸ்கியின் அதே பெயருள்ள படத்தால் உந்தப்பட்டு எழுந்த தனி ஆல்பம். 1979-இல் வந்த படத்துக்கு இசையமைத்தவர் எதுவார்த் அர்த்தேமியெவ். இரண்டையும் கேளுங்கள், ஒன்றை மற்றொன்றாக நினைக்காதீர்கள்.

அர்த்தேமியெவின் பெயரை இங்கே வெறுமனே கடந்துபோக மனம் வரவில்லை. தார்க்கோவ்ஸ்கியின் 'சோலாரிஸ்' படத்துக்கு அவர் ஏஎன்எஸ் என்ற சோவியத் சின்தசைசரைப் பயன்படுத்தினார். பொறியாளர் எவ்கேனி முர்சின் உருவாக்கியது, இசையமைப்பாளர் ஸ்க்ரியாபினின் பெயரெழுத்துகளைத் தாங்கியது. அதை வாசிக்க விசைப்பலகை தேவையில்லை. கறுப்புப் பூச்சு பூசிய கண்ணாடித் தகட்டில் கோடுகளைக் கீறி இயந்திரத்தில் வைக்க வேண்டும். கீறல் வழியே நுழையும் வெளிச்சம் ஒலியாக மாறும். அந்த ஒலியில் ஒரு ராகத்தைத் தேடி ஏமாறுவதைவிட, வரையப்பட்ட ஒன்றைக் கேட்கிறோம் என்ற நினைப்போடு கேட்டுப் பாருங்கள்.

படம் பார்க்காமல் ஆல்பம் கேட்கலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாகக் கேட்கலாம். 'சார்சரர்' படத்துக்கு டாஞ்சரின் டிரீம் குழு இசையமைத்ததே காட்சிகளைப் பார்க்காமல்தான், கையில் இருந்தது திரைக்கதை மட்டும். ஆனால் 'இரேசர்ஹெட்' ஆல்பத்துக்கு இது பொருந்தாது. இயக்குநர் டேவிட் லிஞ்சும் ஒலி வடிவமைப்பாளர் ஆலன் ஸ்பிளெட்டும் உருவாக்கிய அந்த ஆலை இரைச்சலை முதலில் படத்தோடு அனுபவிப்பதே சரி.

அட்டையை நம்புவதும் தவறு. திராபிங் கிரிசில் குழுவின் '20 ஜாஸ் ஃபங்க் கிரேட்ஸ்' ஆல்பத்தின் அட்டையில் நால்வரும் புல்வெளியில் இதமாக நிற்பார்கள். அது பீச்சி ஹெட், தற்கொலைகளால் பெயர்பெற்ற இங்கிலாந்துக் கடற்கரைப் பாறை.

'எவ்ரிவேர் அட் தி எண்ட் ஆஃப் டைம்' ஆறு பகுதிகளாக 2016 முதல் 2019 வரை வந்தது. தி கேர்டேக்கர் என்ற பெயரில் லேலண்ட் கெர்பி செய்தது, மொத்தம் ஆறரை மணி நேரம். நினைவு மறதி நோய் படிப்படியாக முற்றுவதை அது பழைய நடன அரங்கப் பாடல்களை வைத்துக் காட்டுகிறது. முழுவதையும் ஒரே மூச்சில் தாங்க முடிகிறதா என்று இளைஞர்கள் 2020-இல் இணையத்தில் சவால் விட்டுக்கொண்டார்கள். தயவுசெய்து அப்படிக் கேட்காதீர்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் பலர் அந்த நோயோடு வாழ்கிறார்கள். ஒரு நாளைக்கு ஒரு பகுதி போதும்.

எதில் தொடங்குவது? லூ ரீடின் 'மெட்டல் மெஷின் மியூசிக்' போன்ற ஒரு மணி நேர கிட்டார் அலறலில் தொடங்கி, பயந்து ஓடிப்போனவர்கள் நிறைய. நார்வேயின் துரோம்சோவைச் சேர்ந்த இசைக்கலைஞர் பயோஸ்ஃபியரின் 'சப்ஸ்ட்ராட்டா' (1997) நல்ல வாசல். குளிரும் தனிமையும் இருக்கும், மிரட்டல் இருக்காது. அது பழகியதும் 'ஹெரெசி'. அதற்குப் பிறகு ரதீக்கின் 'ட்ரிலஜி த லா மார்' பக்கம் போகலாம். மூன்று பாகங்களில் முதலாவதான 'கைமா' மட்டும் ஏறக்குறைய ஒரு மணி நேரம், அன்றைக்கு அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.